ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து பாடும் ஸ்பீக்கர்

காரில் புதிதாக ஆம்ப்ளிஃபையர் பொருத்திய பலருக்கு ஒரு தொல்லை வந்து சேர்கிறது. பாட்டுக்கு அடியில் மெல்லிய ரீங்காரம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. ஆம்ப்ளிஃபையர் பழுது என்று பழி போடுவார்கள். பெரும்பாலும் அதன்மேல் குற்றம் இருக்காது.

சத்தத்தின் பிறப்பிடம், பானெட்டுக்குள் இருக்கும் ஆல்டர்னேட்டர். அது உண்டாக்குவது மும்முனை மாறுமின்சாரம். அதை ஆறு டையோடுகள் நேர்மின்சாரமாக்குகின்றன. ஆனாலும் சிறு அலைகள் மிஞ்சும். 12 துருவங்கள் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலைகள் தரும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதைப்போல் மூன்று மடங்கு சுற்றினால், கணக்கு 3,600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் இந்த அலைவரிசையில்தான்!

பெரும்பகுதியை பேட்டரி விழுங்கிவிடும். மிச்சம் பாட்டுக்குள் நுழையும் வழி, எர்த். ஸ்டீரியோவுக்கு டேஷ்போர்டு அருகே ஓர் எர்த், டிக்கியில் உள்ள ஆம்ப்ளிஃபையருக்கு வேறோர் எர்த். எல்லாம் ஒரே இரும்பு பாடிதானே என்று தோன்றும். இரும்புக்கும் மின்தடை உண்டு. இடையில் ஆயிரத்தில் ஒரு ஓம் இருந்து, 20 ஆம்பியர் பாய்ந்தால் 20 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துவிடும். இரண்டையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிவலை வழியாக அந்த வித்தியாசமும் சிக்னலோடு கலக்கிறது. பாட்டின் மெல்லிய இடங்களில் சிக்னலே சில மில்லிவோல்ட்தான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது எர்த் போல்ட். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில், குட்டையான தடித்த வயரால் இறுக்க வேண்டும். பவர் கேபிள் காரின் ஒரு பக்கம் போனால் ஆர்.சி.ஏ. மறுபக்கம் போகட்டும், குறுக்கே கடந்தே தீர வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். கடைகளில் முதலில் நீட்டப்படும் ஐசோலேட்டரை நான் கடைசியில்தான் வைப்பேன். உள்ளே இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலின் பாதையை அறுப்பது உண்மை; ஆனால் மலிவான ரகம் பாட்டின் அடிநாதத்தையும் மெலியவைத்துவிடும்.

பல வருடம் அமைதியாக இருந்த ஸ்டீரியோவில் ஒருநாள் திடீரென்று இந்த ரீங்காரம் கேட்டால் வயர்களை நோண்ட வேண்டாம். ஆல்டர்னேட்டரில் ஒரு டையோடு பழுதானாலும் அலைகள் பெருகும். பேட்டரி சார்ஜ் ஆவதும் குறையும். நேரே ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.