கங்கம்மா திரைக்குப் போன கதை

மே மாதம், கங்கம்மா ஜாத்திரை நடக்கும் வாரத்தில் திருப்பதி தாத்தய்யகுண்டா பக்கம் போனால், மீசை வைத்த ஒரு ஆள் பட்டுச்சேலை கட்டி, சவுரி வைத்து, மல்லிகைச் சரம் தொங்க, கை நிறையக் கண்ணாடி வளையலோடு கோயில் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் அவர் மனைவி, முந்தானை சரிந்தால் குத்திவிடக் கையில் ஊக்கோடு. யாரும் சிரிக்க மாட்டார்கள். அது நேர்த்திக்கடன்.

பின்னால் ஒரு கதை உண்டு. பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரனை அழிக்கக் கிளம்பினாள் கங்கம்மா. அவன் ஓடி ஒளிந்தான். பைராகியாக, தோட்டியாக என்று நாளுக்கொரு வேஷம் கட்டித் தேடினாள். கடைசியில் துரை வேஷத்தில் வந்தாள். பெரிய மனுஷர் யாரோ வந்திருக்கிறார் என்று கும்பிட வெளியே வந்தான், தலை போயிற்று. இவள் ஏழுமலையானுக்குத் தங்கை முறை. திருமலையிலிருந்து ஆண்டுதோறும் சேலையும் மஞ்சள் குங்குமமும் சீராக வருகின்றன.

வெளியூரில் பலருக்கு இந்த ஜாத்திரை 2024 டிசம்பரில்தான் அறிமுகம். சுகுமார் இயக்கிய ‘புஷ்பா 2’ படத்தில் அல்லு அர்ஜுன் உடம்பெல்லாம் நீலம் பூசி, சேலை கட்டி, எலுமிச்சை மாலை போட்டு ஆடினார். இனி கங்கம்மா ஜாத்திரை என்றால் பலர் கண்ணில் முதலில் நிற்பது அந்த உருவம்தான்.

சினிமா பார்த்து மனுஷன் மாறுவானா என்ற கேள்வி பட்டிமன்றத்துக்கு நல்லது, மற்றபடி அவ்வளவு உதவாது. படம் பார்த்துவிட்டு வந்த மறுநாளே கொள்கையை மாற்றிக்கொண்டவர் அபூர்வம். திரை வேறு விதமாக வேலை செய்கிறது. ஏற்கெனவே நமக்குள் இருக்கும் நம்பிக்கைக்கு ஒரு முகத்தை மாட்டிவிடுகிறது. பிறகு, யார் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்லாமலே நம்மை அங்கே நிறுத்திவிடுகிறது.

முகம் மாட்டியதற்கு உதாரணம் திருப்பதியிலேயே இருக்கிறது. திருமலை மூலவரின் கண்களைப் பெரிய நாமம் மறைத்திருக்கும். தரிசனமும் சில நொடிதான், அதற்குள் ‘ஜரகண்டி’ என்று தள்ளிவிடுவார்கள். 1960-இல் வந்த ‘ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்’ படத்தில் என்.டி.ராமாராவ் அந்தப் பெருமாளாக நடித்தார். கண் திறந்த, சிரிக்கிற, பேசுகிற பெருமாள். மூன்று மணி நேரம் யாரும் தள்ளாமல் பார்க்கலாம். படம் ஓடிய தியேட்டர்களில் சுவாமி சிலை வைத்தார்கள், உண்டியலும் வைத்தார்கள், காசும் விழுந்தது. திருப்பதி வந்த யாத்திரிகர்கள் அப்படியே சென்னைக்கு பஸ் ஏறி, தியாகராய நகர் வீட்டு வாசலில் ராமாராவைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

1982 மார்ச்சில் அவர் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். அடுத்த ஜனவரியிலேயே ஆட்சி. போட்டியிட்ட தொகுதிகளில் திருப்பதியும் ஒன்று, ஜெயித்தார். இதைச் ‘சாமி வேஷத்துக்கு விழுந்த ஓட்டு’ என்று முடித்துவிடுவது சுலபம், ஆனால் முழு உண்மை இல்லை. காங்கிரஸ் ஐந்தே வருஷத்தில் நான்கு முதல்வர்களை மாற்றி ஆந்திரர்களைப் புண்படுத்தியிருந்தது. ‘ஈநாடு’ நாளிதழ் அந்தக் கோபத்தைத் தினமும் ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. அதன் திருப்பதிப் பதிப்பு தொடங்கியதும் 1982-இல்தான். கோபம் ஏற்கெனவே இருந்தது. ராமாராவ் அதற்கு முகமானார். வெறும் முகம் மட்டும் போதாது என்பதற்கும் இதே ஊர்தான் சாட்சி: 2008-இல் திருப்பதியில் பிரஜா ராஜ்யம் கட்சியைத் தொடங்கிய நடிகர் சிரஞ்சீவி, 2009-இல் இங்கே ஜெயித்தார், சொந்தச் சீமையான பாலகொல்லுவில் தோற்றார். 294 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தது 18.

‘புஷ்பா’வுக்கு வருவோம். சித்தூர்த் தெலுங்குக்கு அது செய்த நன்மையை மறைக்கக் கூடாது. கிருஷ்ணா, குண்டூர்ப் பேச்சே நாயகன் பேச்சு, மற்றச் சீமைப் பேச்சு வில்லனுக்கும் காமெடிக்கும் என்று இருந்த உலகில், தமிழ் வாடை அடிக்கும் சித்தூர்ப் பேச்சைப் பேசிய நாயகன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை வாங்கினார். தெலுங்கு நடிகர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

ஆனால் சேலை விஷயத்தில் எனக்கு உறுத்தல் உண்டு. ஜாத்திரையில் ஆண் சேலை கட்டுவது, தன் ஆண்மையை அம்மன் முன்னால் கொஞ்ச நேரம் கழற்றி வைப்பது. படத்தில் அதே சேலை நாயகனின் ஆண்மைக்கு இன்னொரு கிரீடம். சடங்கு அதேதான், அர்த்தம் மட்டும் தலைகீழ்.

படத்தில் வரும் செம்மரக் கடத்தலிலும் இப்படித்தான். அப்பன் பெயர் சொல்ல முடியாத கூலிக்காரன், அவமானப்பட்டு அவமானப்பட்டு மேலே வருகிறான். அவமானம் நமக்கும் தெரியும். அதனால் அவன் லாரி சோதனைச் சாவடியைத் தாண்டும்போது நாமும் மூச்சுப் பிடித்து உட்காருகிறோம். கடத்தல் நல்லது என்று படம் எங்கும் வாதாடவில்லை. நம்மை லாரிக்குள் உட்கார வைத்ததோடு அதன் வேலை முடிந்தது.

2024 ஆகஸ்டில் பெங்களூருக்கு வந்த ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாண் இதைத்தான் குறையாகச் சொன்னார்: கன்னட நடிகர் ராஜ்குமாரின் ‘கந்தத குடி’ படக் காலத்தில் நாயகன் காட்டைக் காப்பாற்றினான், இப்போது மரம் கடத்துகிறான் என்று. அவர் வனத்துறைக்கும் அமைச்சர், சிரஞ்சீவியின் தம்பி, தானும் திரையில் சேர்த்த முகத்தோடு அரசியலுக்கு வந்தவர். சொன்னதில் நியாயம் இருக்கிறது. சேஷாசலக் காட்டில் 2013 டிசம்பரில் வனத்துறையினர் இருவரைக் கடத்தல் கும்பல் கொன்றது. அவர்கள் பக்கம் நிற்கும் படம் வந்தால் நல்லதுதான்.

ஆனால் கடத்தல்காரன் பக்கம் நிற்கும் படமும் வனத்துறை பக்கம் நிற்கும் படமும் நம்மை நிறுத்தாத இடம் ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 7 அதிகாலை, திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் செம்மரக் கடத்தலைத் தடுக்கும் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடியினர் பலர். கூலிக்கு வந்தவர்கள்.

‘புஷ்பா’ முதல் பாகம் அதற்கு ஆறு வருஷம் கழித்து, 2021 டிசம்பரில் தமிழிலும் வெளியானது. அதில் காட்டாக வருவது பெரும்பாலும் கோதாவரிப் பக்கத்து மாரேடுமில்லி. மரம் வெட்டுகிறவர்களும் வருகிறார்கள், கும்பலாக, நாயகனுக்குப் பின்னால்.