நாற்சக்கர இயக்க வண்டி: மின்மோட்டாரா, கைப்பிடியா?

பாலமலை அடிவாரத்திலுள்ள பெரியநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களில், மழைக்காலத்துத் தோட்டப் பாதையிற் சுமையேற்றிச் செல்ல நாற்சக்கர இயக்கமுள்ள வண்டியே உதவும். எஞ்சினின் விசையை முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் பகிர்ந்தளிப்பது ‘டிரான்ஸ்பர் கேஸ்’ என்னும் பற்சக்கரப் பெட்டியாகும். 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸியில் இதனைக் கைப்பிடியால் மாற்றுவர். பழைய மஹிந்திரா ஸ்கார்ப்பியோவின் நாற்சக்கர வகையிலோ, குமிழைத் திருப்பினால் ஒரு சிறு மின்மோட்டார் அவ்வேலையைச் செய்கிறது.

மோட்டாரின் கம்பி இணைப்பிற் சேறும் நீரும் புகுந்தால், வேண்டிய தருணத்தில் முன்சக்கரங்கள் இயங்கா. அதனாற் சிலர் கைப்பிடிப் பெட்டியை மாற்றிப் பூட்ட விரும்புகின்றனர். அதற்குமுன் கவனிக்கத்தக்கவை மூன்று.

முதலாவது, பியூஸ், கம்பி இணைப்பு, மோட்டார் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். மோட்டார் மட்டும் கெட்டிருப்பின் அதனை மாற்றுதலே சிக்கனம்.

இரண்டாவது, புதுப் பெட்டியின் தண்டுப் பற்களின் எண்ணிக்கையும் புரொபெல்லர் ஷாப்டின் நீளமும் பொருந்தாவிடிற் செலவு வீணாகும். முன்சக்கர இணைப்பையும் மின்கருவியே இயக்கும் வண்டியாயின், அதற்கும் வேறு ஏற்பாடு தேவை.

மூன்றாவது, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிதல் நலம்.

எவ்வகைப் பெட்டியாயினும், மாதம் ஒருமுறை தார்ச் சாலையை விட்டு மண் தரையில் இயக்கிப் பார்ப்பவருக்கு, மழை நாளில் வண்டி சேற்றில் நிற்கும் துன்பம் பெரிதும் குறையும்.