ஒளியால் ஒரு வியாபாரம்

டோர்ச் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் சிவந்து தெரியும். சிவப்பு ஒளி தசைக்குள் ஊடுருவுவதே காரணம். கண்ணுக்குத் தெரியாத அண்மைச் செங்கீழ் ஒளி அதைவிட ஆழமாகச் செல்லும். புற்றுநோய்க் கட்டியில் பொதுவாக இரத்தம் அதிகம். அந்த இரத்தத்தில் ஒட்சிசன் குறைவு. ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு இவ்விரண்டையும் மதிப்பிடலாம்.

1929 இலேயே அமெரிக்காவில் மெக்ஸ் கட்லர் என்ற வைத்தியர் மார்பகத்தினூடாக ஒளி பாய்ச்சிப் பரிசோதித்தார். ஒளி உடலுக்குள் சிதறுவதால் படம் தெளிவாக இல்லை. பின்னர் புளோரிடாக் கம்பனியொன்று லேசர் இயந்திரம் செய்தது. பல வருடங்கள் முயன்றும் அமெரிக்காவில் விற்க அனுமதி கிடைக்கவில்லை.

டெக்சாஸின் செனோ மெடிக்கல் கம்பனி லேசரை அல்ட்ராசவுண்டுடன் சேர்த்தது. ஒளியை உறிஞ்சும் இரத்தம் எழுப்பும் நுண்ணிய ஒலியை அக்கருவி படமாக்குகிறது. 2021 ஜனவரியில் அதற்கு அனுமதி கிடைத்தது. மெமோகிராமின் இடத்தை அது கேட்கவில்லை. கண்டறியப்பட்ட கட்டி ஆபத்தானதா என வைத்தியர் தீர்மானிக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

வர்த்தகர்களுக்கு இதில் பாடமுண்டு. இருப்பதை அகற்ற முனைவதிலும் அதன் குறையை நிரப்புவது இலகு.

"வீட்டிலேயே புற்றுநோய் பார்க்கலாம்" என்று யாரும் கைவிளக்குகளை மொத்த விலைக்குக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். மருத்துவ உபகரணமென்றால் ஔடத அதிகாரசபையின் பதிவைக் கேளுங்கள். விளக்கை நம்பி வைத்தியரிடம் போகாமலிருக்கும் பெண்ணுக்கு ஏற்படும் நட்டத்தை எந்த இலாபமும் ஈடுசெய்யாது.