வலுவிழந்தோர் செலவும் அரசினர் படியும்

ஒத்த வருவாயுடையோர் ஒத்த வாழ்வே வாழ்வர் என்று கருதுதல் இயல்பு. ஒரே சம்பளம் பெறும் ஆசிரியர் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் துவிச்சக்கர வண்டியிற் பாடசாலைக்குச் செல்கிறார். கால் வழங்காத மற்றவரோ நாடோறும் முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கிணற்றில் நீரள்ளவும் துணி தோய்க்கவும் அவருக்கு ஓராள் துணை வேண்டும். சக்கர நாற்காலியின் சில்லுத் தேய்ந்தால் மாற்றல் வேண்டும். சவர்க்காரச் செலவுங்கூட மிகுதி. மாத முடிவில் இருவர் கையிலும் எஞ்சுவது ஒன்றன்று.

இதனைப் பொருளியலறிஞர் அமர்த்தியா சென் தெளிவுற விளக்கினார். வலுவிழந்தோர்க்கு உழைத்துப் பெறுதலில் ஒரு குறை உண்டு. பெற்ற பணத்தை வாழ்வாக மாற்றுதலில் மற்றொரு குறை உண்டு. முன்னையதை யாவரும் அறிவர். பின்னையது கணக்கில் வருவதில்லை. பிரித்தானியாவில் வலுவிழந்த ஒருவரையுடைய குடும்பங்களில் வாழ்வோருள், வருவாயை மட்டும் நோக்கின், நூற்றுக்கு 23.1 பேர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர். மிகைச் செலவையுஞ் சேர்த்து நோக்கியபோது அத்தொகை 47.4 ஆயிற்று. வீப்கே குக்லிஸ் என்னும் ஆய்வாளர் கண்ட இம்முடிபைச் சென் தமது 2009ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்டுள்ளார்.

அந்நாட்டின் வரலாறு அறியத்தக்கது. 1965இல் போரிற் காயமுற்றோர்க்கும் தொழிற்சாலையில் ஊனமுற்றோர்க்கும் அங்கு ஓய்வூதியம் இருந்தது. நோயால் வலுவிழந்த இல்லத்தரசிக்கோ யாதுமில்லை. ஊனம் ஒன்றே, அது வந்த வழி வேறாயின் உதவியும் வேறாயிற்று! மேகன் டு புவாசோன், பெரிற் மூர் என்னும் வலுவிழந்த பெண்மணிகள் இருவர் அவ்வாண்டிலே பத்திரிகைக்குக் கடிதமெழுதி, வலுவிழந்தோர் வருவாய்க் கழகத்தைத் தொடங்கினர். 1971இற் பராமரிப்புப் படியும், 1976இல் நடமாட்டப் படியும் வந்தன. 1992இல் தோன்றிய வலுவிழப்பு வாழ்க்கைப் படிக்குப் பதிலாக, உழைக்கும் வயதினர்க்கு 2013இல் தனியாள் சுதந்திரக் கொடுப்பனவு ஏற்பட்டது.

இக்கொடுப்பனவுக்கு வருவாய்ச் சோதனை இல்லை. செல்வர்க்கும் ஏன் கொடுத்தல் வேண்டும் என்று சிலர் வினவுவர். இது வறுமைக்கு ஈந்த பொருளன்று. ஒத்த வருவாயுடைய அயலவரினும் மிகுதியாகச் செலவிட நேர்ந்தமைக்கு ஈடு. தொழில் கிடைத்தவுடன் இது நிற்குமாயின், போக்குவரவுச் செலவு ஏறும் வேளையிலே உதவி ஒழியும். ஆதலின் தொழில் பார்ப்போரும் இதனைப் பெறுவர்.

படி என்னுஞ் சொல் தமிழில் முகக்கும் அளவையையுங் குறிக்கும்; கொடுக்கும் பணத்தையுங் குறிக்கும். பிரித்தானியரின் படி எதனை அளக்கின்றது? செலவை அன்று. சமைத்தல், உண்ணல், குளித்தல், உடுத்தல் முதலிய 10 நாளாந்தச் செயல்களுக்கும், நடமாட்டம் பற்றிய 2 செயல்களுக்கும் புள்ளியிடுகின்றனர். ஒவ்வொரு பகுதியிலும் 8 புள்ளி பெற்றோர்க்குச் சாதாரண வீதம். 12 பெற்றோர்க்கு உயர்ந்த வீதம். இடர்ப்பாடு மிகுந்தாற் செலவும் மிகும் என்பதே அவர் துணிபு. அது பெரும்பாலும் பொருந்தும், எப்போதும் அன்று. பஸ் ஓடும் தெருவில் வாழ்பவரும், ஓடாத ஊரில் வாழ்பவரும் ஒரே புள்ளி பெறலாம். நாளாந்தப் பகுதியில் ஒரு செயலிலேனும் 4 புள்ளி பெறல் வேண்டும் என்று இறுக்க 2025இல் அரசு முயன்றது. பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால் அவ்விதி சட்டமூலத்திலிருந்து நீக்கப்பட்டது. ஓய்வூதிய வயதின் பின்னர் வலுவிழந்தோர்க்குப் பராமரிப்புப் படியே உண்டு; நடமாட்டப் பகுதி இல்லை. முதியோர் வீட்டிலிருந்தாற் போதும் என்று கருதினர் போலும்!

நம் நாட்டில் வலுவிழந்தோர்க்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே. எனினும், குறைந்த வருமானமுடைய குடும்பத்தினர்க்கே அது உரியது. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, தன் 28ஆம் உறுப்புரையில், வறுமையில் வாழும் வலுவிழந்தோரின் மிகைச் செலவுக்கு அரசு உதவல் வேண்டும் என்கின்றது. செலவைக் கழித்த பின்னரே வறியவராகும் சம்பளக்காரர், வருமானத்தை மட்டும் நோக்குங் கணக்கில் வறியவராகத் தோன்றுவதில்லை.