ஏடும் நாடும் – 11: மனு சொன்ன குளியலும் 377 சொன்ன சிறையும்

கலிவர்ஜ்யம் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். நியோகம், மதுபர்க்கத்தில் பசுவைப் பலியிடுவது என்று பழைய நூல்கள் இடம்கொடுத்த பலவற்றைக் கலியுகத்துக்கு ஆகாதவை என்று பிற்காலப் பண்டிதர்களே பட்டியல் போட்டு ஒதுக்கிவைத்தார்கள். காலம் பார்த்துச் சாஸ்திரத்தைப் படிப்பது வெளியாரிடமிருந்து வந்த பழக்கம் இல்லை, சாஸ்திரம் எழுதியவர்களின் வழிவந்தவர்களே கைக்கொண்ட முறை என்பதை அதில் கண்டோம். ஆனால் ஒரு விஷயத்துக்கு வரும்போது மட்டும் அந்த முறை சட்டென்று நின்றுவிடுகிறது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விரும்பி வாழ்வது பற்றிப் பேச்செடுத்தால், விதவை மணத்தை ஏற்றுக்கொண்டவர்களும், சாதி பாராமல் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர்களும்கூட, “நம் சாஸ்திரம் ஒப்பாது” என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். எந்தச் சாஸ்திரம், எந்த இடத்தில், யாரைப் பார்த்து, எதற்காகச் சொன்னது என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்பதுதான் இந்த வாரத்து வேலை.

2009 ஜூலை 2-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கூடுவதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவைக் கொண்டு குற்றமாக்கக் கூடாது என்றது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஒரு ஜோதிடர் இருந்தார். அகில இந்திய முஸ்லிம் தனிச் சட்ட வாரியமும் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. மனுவின் பெயரைத் தாங்கிய ஓர் அரசியல் கட்சியும் இருந்தது. வேறு எதிலும் ஒன்றுசேராதவர்கள் இதில் ஒரே வரிசையில் நின்றார்கள். 2013 டிசம்பர் 11-இல் அந்தப் பிரிவுக்கு மறுபடி உயிர் வந்தது. 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மனமொத்த பெரியவர்களை அதிலிருந்து விடுவித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. சட்டத்தில் முடிந்த வழக்கு வீடுகளில் முடியவில்லை. அங்கே இன்னும் மனுவின் பெயர் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. எனவே அவர் நூலையே திறந்து பார்த்துவிடுவோம்.

மனு ஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயம் பிராயச்சித்தங்களுக்கானது. சுலோக எண்கள் பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கும். 68-ஆவது சுலோகம் ஒரு பட்டியல்: பிராமணனுக்கு வலி உண்டாக்குவது, மதுவையும் முகரத் தகாதவற்றையும் முகர்வது, வஞ்சகம் செய்வது, ஆணோடு கூடுவது. இவை சாதியிலிருந்து ஒருவனை நழுவவைக்கும் குற்றங்கள். தெரிந்து செய்தவனுக்குச் சாந்தபன கிருச்சிரம் என்ற விரதம். கோமூத்திரம், சாணம், பால், தயிர், நெய், தர்ப்பை இட்ட நீர் இவற்றை மட்டும் உட்கொண்டு, பிறகு ஓர் இரவும் பகலும் பட்டினி கிடக்க வேண்டும். தெரியாமல் செய்திருந்தால் அதற்கு வேறு விரதம். அதே அத்தியாயத்தின் 175-ஆவது சுலோகம் இன்னும் இளகிப்போகிறது. இருபிறப்பாளன் ஒருவன் ஆணோடு கூடினாலும், மாட்டு வண்டியிலோ நீருக்குள்ளோ பகல் வேளையிலோ பெண்ணோடு கூடினாலும், உடுத்திய துணியோடு குளித்துவிட வேண்டும். பிறன் மனைவியைத் தொட்டவனுக்குக் கடும் தண்டனைகள் வேறிடத்தில் இருப்பதால், இங்கே வரும் பெண் பெரும்பாலும் அவன் மனைவி என்றே கொள்ளலாம். ஆக, பகலில் மனைவியைச் சேர்ந்தவனும் இன்னோர் ஆணைச் சேர்ந்தவனும் இந்த இடத்தில் ஒரே படித்துறையில் இறங்கிக் குளிக்கிறார்கள். 68-க்கும் 175-க்கும் இடையிலுள்ள முரணை நான் மறைக்க விரும்பவில்லை. ஒன்று விரதம் கேட்கிறது, மற்றொன்று குளியலோடு விட்டுவிடுகிறது. இரண்டிலும் சிறை இல்லை, உயிர்த் தண்டனை இல்லை, ஊரைவிட்டுத் துரத்துவதும் இல்லை.

பெண்கள் விஷயம் எட்டாம் அத்தியாயத்தில் வருகிறது. மனு கடுமையானவர் என்று காட்ட விரும்புகிறவர்கள் எடுத்துக்காட்டும் இடமும் அதுதான். ஒரு கன்னி இன்னொரு கன்னியைக் கெடுத்தால் 200 பணம் அபராதம், பெண்ணுக்குரிய பரிசப் பணம் இரட்டிப்பாக, மேலும் பத்து அடி. வயது வந்த பெண் ஒரு கன்னியைக் கெடுத்தால் உடனே தலையை மழிக்க வேண்டும், அல்லது இரு விரல்களை வெட்ட வேண்டும், கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட வேண்டும். 369, 370 என்ற இந்த இரண்டை மட்டும் படித்தால் பெண்ணும் பெண்ணும் சேர்வதை மனு வெறுத்தார் என்றே தோன்றும். இதற்கு மேலே உள்ள இரண்டு சுலோகங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஓர் ஆண் திமிரால் ஒரு கன்னியைப் பலவந்தமாக விரலால் கெடுத்தால் அவனுக்கும் இரு விரல் வெட்டு, அதோடு 600 பணம். தன் சாதியைச் சேர்ந்த பெண் இசைந்திருந்தால் விரல் தப்பும், 200 பணம் கட்ட வேண்டும். விரல் அதே விரல். 200 அதே 200. செய்தது ஆணா பெண்ணா என்பது இங்கே முதன்மையான கேள்வி இல்லை. ஒரு தகப்பன் வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் கன்னிமை போயிற்று என்பதும், அதனால் அவளுக்குக் கிடைக்கக்கூடிய பரிசம் குறைந்தது என்பதும்தான் வழக்கு. பரிசப் பணம் தண்டத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கன்னிப் பருவம் கடந்த இரண்டு பெண்கள் தங்களுக்குள் அன்பாயிருந்தால் என்ன தண்டனை என்று மனு தனியாக ஒரு விதி வகுக்கவில்லை.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசனின் கருவூலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே ஆணோடு கூடியவனுக்கு முதல் சாகச தண்டம், அதாவது 48 முதல் 96 பணம் வரையிலான, அந்த நூலின் அடிநிலை அபராதம். இவற்றையெல்லாம் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. இந்த நூல்கள் கேட்ட கேள்வி வேறு: இருபிறப்பாளனின் தூய்மை எங்கே கெடுகிறது, குலம் எங்கே கலக்கிறது, தகப்பனுக்கும் கணவனுக்கும் உரிய சொத்தான பெண் எங்கே சேதமாகிறாள் என்பன அவற்றின் கவலைகள். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நேசித்து ஒரே வீட்டில் மூத்து முதிரலாமா என்ற கேள்வி அவற்றின் முன் வைக்கப்படவே இல்லை. ஆயுள் சிறையும் பத்தாண்டுச் சிறையும் வந்த வழி வேறு. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533-இல், இத்தகைய உறவுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. அந்த மரபின் தொடர்ச்சியாகவே 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 377 சேர்ந்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1967-இல் தங்கள் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டன. நாம் அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு அதைக் காத்தோம், நம் பண்பாடு என்று பெயரிட்டு.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: தண்டனை சிறிது என்பதால் செயல் சரி என்றாகிவிடுமா? ஆகாது. அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். குற்றப் பட்டியலில் இருக்கிறது என்றால் மனு அதைக் குற்றமாகவே கருதினார். இதே நேர்மையோடு என் தரப்பில் நிற்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கஜுராஹோ சிற்பங்களைக் காட்டியும், காம சூத்திரத்தின் ஓர் அத்தியாயத்தைக் காட்டியும், கிருத்திவாசரின் வங்க ராமாயணத்தில் பகீரதன் இரண்டு ராணிகளின் கூடலில் பிறந்த கதையைக் காட்டியும், பழைய இந்தியா தன்பாலீர்ப்பாளர்களைக் கொண்டாடியது என்று சொல்கிறார்கள். சிற்பம் ஒரு செயல் இருந்தது என்பதற்குச் சாட்சி. அந்தச் செயலைச் செய்தவர் ஊரில் தலைநிமிர்ந்து நடந்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. பகீரதனின் கதையிலும் அந்த ராணிகள் கூடுவது இறந்துபோன அரசனின் குலத்துக்கு வாரிசு தருவதற்காகவே. இன்றைய விடுதலைக்கு நேற்றைய அனுமதிச் சீட்டைத் தேடினால், நாளை எவரோ எதிர்ச் சீட்டு ஒன்றைக் கொண்டுவருவார். இந்த வழக்கில் பழைய நூல் எந்தப் பக்கத்துக்கும் முழுச் சாட்சி சொல்லாது. நூல் பேசாத இடத்தில் படிக்கிறவரின் அறம் பேசுகிறது. அது தன் அறம் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த அறத்தை நாம் பலமுறை பேசவிட்டிருக்கிறோம். விதவை மணத்துக்காக ஈசுவர சந்திர வித்யாசாகர் பராசர ஸ்மிருதியில் ஒரு சுலோகத்தைக் கண்டெடுத்தார். எதிர்த்த பண்டிதர்கள் வேறு சுலோகங்களைக் கண்டெடுத்தார்கள். 1856-இல் சட்டம் வந்தது. இளம் விதவைகளின் துயரம் கண்ணை உறுத்தியதால்தான் அவர் ஏட்டைப் புரட்டினார், ஏட்டில் கண்டதால் துயரம் உறுத்தவில்லை. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனபோதும் ஆகமம் குறுக்கே வைக்கப்பட்டது. 2023-இல் தன்பாலினத் திருமண வழக்கில் ஒன்றிய அரசு, இந்துக்களுக்குத் திருமணம் என்பது ஆணும் பெண்ணும் கூடும் புனிதச் சடங்கு என்று பதில் தாக்கல் செய்தது. அந்தப் புனிதத்தின் ஒரு பகுதி, விற்றாலும் கைவிட்டாலும் மனைவிக்குக் கணவனிடமிருந்து விடுதலை இல்லை என்ற மனுவின் ஒன்பதாம் அத்தியாய விதி. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கு வழிவிட்டபோதே அதைத் தாண்டிவிட்டோம். தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி போனோம்: அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல், புரோகிதரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வந்தது. சடங்கை விடலாம், நிரந்தரத்தை விடலாம், இருவரின் பாலினத்தை மட்டும் தொடக் கூடாது என்பவர் அதற்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும்.

காட்டப்படும் காரணம் ஒன்று உண்டு, அது வலுவானதுதான். விதவை மணமும் விவாகரத்தும் குடும்பத்தைத் திருத்துகின்றன, இதுவோ சந்ததியையே அறுக்கிறது. பிள்ளை பெற்றுப் பிதிர்க்கடன் தீர்ப்பது இல்லறத்தின் அடித்தளம் என்கிறார்கள். பிதிர்க்கடன் பற்றி மனு அழுத்தமாகப் பேசுகிறார், உண்மை. ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் அவரே, பிள்ளை பெறாமல் பிரம்மசரியத்தில் நின்ற பல்லாயிரம் பிராமணர்கள் சொர்க்கம் போனார்கள் என்கிறார். விதவை மறுமணம் செய்யாமல் இருக்கச் சொல்வதற்காக அவர் கொண்டுவரும் வாதம் அது. நோக்கம் எதுவானாலும், சந்ததி இல்லாத வாழ்வுக்கும் சொர்க்க வழி அடைபடவில்லை என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயம் பன்னிரண்டு வகைப் புத்திரர்களை எண்ணிச் சொல்கிறது. அவர்களில் தத்துப் பிள்ளை உண்டு, விலைக்கு வாங்கிய பிள்ளை உண்டு, பெற்றோர் கைவிட்டு வேறொருவர் எடுத்து வளர்த்த பிள்ளையும் உண்டு. பெற்றால்தான் பிள்ளை என்று அந்த நூலே சொல்லவில்லை. இன்று தன்பாலினத் தம்பதி சேர்ந்து தத்தெடுக்க வழியில்லை. அந்தத் தடையை 2023 அக்டோபர் 17-ஆம் தேதித் தீர்ப்பில் ஐவரில் மூன்று நீதிபதிகள் தக்கவைத்தார்கள். சந்ததி அறுகிறது என்று வருந்துகிறவர்கள் முதலில் பேச வேண்டியது அந்தத் தடையைப் பற்றி.

கடைசி மறுப்பு மனுவிடமிருந்தே வருகிறது. நான்காம் அத்தியாயத்தின் 176-ஆவது சுலோகத்தில், அறமே ஆனாலும் அது துன்பத்தில் முடிந்தால், அல்லது உலகம் வெறுத்தால், விட்டுவிடு என்கிறார். உலகம் வெறுப்பதை விடச் சொல்கிறாரே, உலகம் இதை வெறுக்கிறதே என்று கேட்கலாம். சுலோகம் எதை விடச் சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். விடச் சொல்வது ஒரு விதியை. உலகம் வெறுக்கிறது என்பதற்காகப் புதிதாக ஒருவர்மேல் விதியைச் சுமத்த அது இடம்தரவில்லை. உரையாசிரியர் குல்லூகர் தரும் உதாரணங்களும் அப்படியே: உலகம் வெறுப்பதற்குக் கலியுகத்தில் வேள்விப் பசுவைக் கொல்வது, துன்பத்தில் முடியும் அறத்துக்கு, பிள்ளைகுட்டிக்காரன் தன் உடைமை முழுவதையும் தானம் செய்வது. தானம் பெரிய புண்ணியம். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் பட்டினி கிடப்பார்கள், ஆகவே வேண்டாம். அடுத்தவர் படப்போகும் துன்பத்தை வைத்து ஒரு விதியை எடைபோடும் முறை இது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பது பெற்றோரின் அறம் என்று நம் வீடுகள் நம்புகின்றன. பெண்ணிடம் நாட்டமே இல்லாத மகனை மணையில் உட்காரவைக்கும்போது, அவனைவிட அதிகம் ஏமாற்றப்படுகிறவள் ஒன்றும் அறியாமல் கழுத்தை நீட்டும் பெண். ஆண்டுக்கணக்கில் தன்னிடம் என்ன குறை என்று தேடுவாள். குழந்தை இல்லை என்ற பேச்சை அவள்தான் கேட்பாள். பெண்ணை நேசிக்கும் மகளை “எல்லாம் சரியாகிவிடும்” என்று தள்ளிவிடும் வீட்டிலும் கதை இதுதான். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7-இல் உத்தரவிட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தாமே ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்டார். பாலீர்ப்பை மாற்றுகிறோம் என்று செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். குல்லூகர் தானத்துக்குக் கேட்ட கேள்வியை இந்தக் கட்டாயக் கல்யாணத்துக்கும் கேட்டுப் பார்க்கலாம். கேட்க வேண்டியவர்கள் நீதிபதிகள் மட்டும் இல்லை. பெண் பார்க்கப் புறப்படும் பெற்றோரும்தான்.

(தொடரும்)