வீட்டுத் துவக்கும் படைத் துவக்கும்

ஈழத்துத் தமிழர் வழக்கிலே சுடுகருவிக்குத் துவக்கு என்று பெயர். தமிழகத்து அன்பர் ஒருவர் இச்சொல்லைக் கேட்பாராயின், எதனைத் துவக்குவது என்று வினவுவார். அவர் துப்பாக்கி என்பார்; மலையாளத்தார் தோக்கு என்பர்; சிங்கள மக்கள் துவக்குவ என்பர். இவையெல்லாம் துருக்கி மொழியிலிருந்து கடல்வழியும் தரைவழியும் பயணம் செய்து வந்த ஒரு சொல்லின் பிள்ளைகளே எனலாம். சொல் ஒன்றாயினும் அது குறிக்கும் பொருள் ஒன்றன்று. உழவன் வீட்டு மூலையிற் சாத்திவைத்திருப்பதும் துவக்கு. படைவீரன் தோளில் தொங்குவதும் துவக்கு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை யாது என்று என் மாணவர் பலமுறை கேட்டதுண்டு. கேட்பதற்கு எளிய இவ்வினாவின் விடை நம்மை நெடுந்தூரம் கொண்டுசெல்வது.

நான் பிறந்த பள்ளிமுனை கடற்றொழிலாளர் ஊர். வலையும் வள்ளமும் எம்மவர் கருவிகள். புனித லூசியா ஆலயமும், அராபிய வணிகர் கொணர்ந்ததெனச் சொல்லப்படும் பெருக்க மரமும் எம் ஊரின் அடையாளங்கள். மீன் பிடிப்பவனுக்குத் துவக்கு எதற்கு? ஆகவே எங்கள் வீடுகளில் அது அரிது. ஆனால் பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குச் சென்றால், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் நானாட்டான், முருங்கன் வயல்களிலே கதை வேறு. காட்டுப்பன்றி ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோற்றை உழுதுவிட்டுப் போகும். அங்கே துவக்கு உழவுக் கருவிகளில் ஒன்று.

சிறுவயதில் அப்பக்கத்து உறவினர் ஒருவர் வீட்டில் இரட்டைக் குழல் துவக்கொன்றைக் கண்டிருக்கிறேன். பழஞ்சேலையில் சுற்றி, எண்ணெய் பூசி வைத்திருப்பார். ஆண்டுதோறும் அதன் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கச்சேரிக்குப் புறப்படும்போது, கோயிலுக்குப் போகிறவரைப் போல வெள்ளை வேட்டி உடுத்துவார். "பெட்டை பிள்ளையைப் பெத்தவனும் துவக்கு வைச்சிருக்கிறவனும் கண்ணயரக் கூடாது, தம்பி" என்பது அவர் வாக்கு.

முதலில் இரும்பைப் பார்ப்போம். அவர் துவக்கின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. பன்னிரண்டாம் எண் துவக்கு என்று அதனைச் சொல்வர். குழலின் வாயளவுக்குச் சரியான ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை என்பதே அவ்வெண்ணின் பொருள். ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் விட்டம். தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள் வெளிவந்ததும் விதைபோற் பரவும். நாற்பது யார் கடந்தால் அதன் வலிமை பெரிதும் குன்றிவிடும். வயல் காக்க அவ்வளவு போதும்.

றைபிளின் குழலோ உட்புறம் புரிபுரியாகச் சுழன்று வெட்டப்பட்டிருக்கும். அப்புரி ரவையைப் பம்பரம்போற் சுழற்றி நேராகச் செலுத்துகிறது. இலங்கைப் படையும் பொலிசும் நெடுங்காலம் ஏந்திய .303 றைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் 1907ஆம் ஆண்டு மாதிரியில் குறிபார்க்கும் அளவுகோல் 2000 யார் வரை பொறிக்கப்பட்டிருந்தது. பதினொரு கிராம் நிறையுள்ள ரவை நொடிக்கு ஏறத்தாழ 740 மீற்றர் வேகத்தில் புறப்படும். பின்னர் போர்க்காலத்தில் எங்கள் வீதிகளிற் கண்ட ரி-56 என்னும் சீனத் துவக்கில் ரவையின் நிறை எட்டுக் கிராமே. ஆயினும் முப்பது ரவைகள் கொண்ட பெட்டியை அது சில நொடிகளில் வெறுமையாக்க வல்லது.

இங்கே ஒரு பொதுக் கருத்தைத் திருத்துதல் வேண்டும். படைத் துவக்கு எப்போதும் வலியது, குடிமகன் துவக்கு எப்போதும் மெலியது என்று பலர் எண்ணுவர். யானை வேட்டைக்கென வெள்ளைத்துரைமார் கொணர்ந்த .470 றைபிளின் ரவை 32 கிராம் நிறையுடையது. ஒரு வெடியின் ஆற்றலை மட்டும் அளந்தால், ரி-56 அதன் மூன்றிலொரு பங்குக்கும் எட்டாது. வேட்டைக்காரன் ஒரே வெடியில் விலங்கை வீழ்த்த விரும்புகிறான். படைத்தலைவனோ ஆயிரம் பேர் கையில் ஒரே அச்சான ஆயிரம் கருவிகளைக் கொடுக்க விரும்புகிறான். ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற் பொருந்த வேண்டும். ஒருவன் ரவை அடுத்தவன் துவக்கிற் செல்ல வேண்டும். சேற்றிலும் மழையிலும் இயங்க வேண்டும். வீட்டுத் துவக்கு உடையவன் தோளுக்கும் கைக்கும் அமைந்தது. படைத் துவக்குக்குத் தோள் யாருடையது என்ற கவலையில்லை.

ரவையிலும் வியத்தகு வேற்றுமை ஒன்றுண்டு. வேட்டை ரவையின் முனை மெதுவான ஈயத்தாலானது. உடலிற் பட்டதும் மலர்ந்து விரிந்து, விலங்கை விரைந்து கொல்லும். படை ரவை முழுவதும் செம்பு முதலிய உலோகக் கவசம் போர்த்தது, அது விரியாது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் என்னும் இடத்தில் விரியும் ரவைகளை ஆங்கிலேயர் படைக்கெனச் செய்தபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 1899ஆம் ஆண்டு ஹேக் நகரிற் கூடிய நாடுகள் போரில் அத்தகைய ரவை கூடாதென அறிவித்தன. மானுக்கு ஆகும் ரவை மனிதப் பகைவனுக்கு ஆகாதென்று விதித்த அச்சட்டம், அவனைச் சுடுதலே ஆகாதென்று சொல்லவில்லை என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

இருவகைத் துவக்கும் ஒன்றோடொன்று கலவாதிருக்க அரசுகள் வேலி கட்டியும் வந்துள்ளன. படையினரின் ரவை களவுபோய்ப் பிறர் கைத் துவக்குக்குப் பயன்படலாகாதென அஞ்சிய ஆங்கில ஆட்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுத் துவக்குகள் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தது. மேலே கூறிய .470 பிறந்ததற்கு அத்தடையும் ஒரு காரணம். சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும் .303 விலக்கப்பட்ட அளவே. ஆகவேதான் அந்நாட்டுக் குடிமக்கள் .315 றைபிளை நாடினர். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்போன் ஒவ்வொருவனும் அனுமதி பெறுதல் வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம், தானியங்கித் துவக்கை அனுமதியின்றி வைத்திருப்போனுக்கு ஆயுட்சிறை வரை தண்டம் விதித்தது.

இரும்பையும் ஈயத்தையும் பேசினோம். இனிப் பொறுப்பைப் பேசுதல் வேண்டும்.

வீட்டுத் துவக்குக்கு ஒரு பெயர் உண்டு. அதன் இலக்கமும் உடையவன் பெயரும் ஊரும் கச்சேரி ஏட்டில் அருகருகே நிற்கும். வயலில் ஒரு வெடி கேட்டால், யாருடையது என்று ஊரே சொல்லும். படைத் துவக்கோ எவனுக்கும் சொந்தமன்று. அது அரசின் உடைமை. வீரன் கையொப்பமிட்டு வாங்குகிறான், கையொப்பமிட்டுத் திருப்புகிறான். அங்கும் இலக்கம் உண்டு, ஏடு உண்டு. ஆனால் அவ்வேடு பாசறைக்குள் இருப்பது. சுடப்பட்டவனின் தாய் அதனைப் புரட்டிப் பார்க்க இயலாது. போர் மூண்டபின் வடபுலத்து வீட்டுத் துவக்குகள் பல இயக்கங்களின் கைக்குப் போயின. அன்று முதல் அவற்றுக்கும் ஊரறிந்த பெயர் இல்லாது போயிற்று. இயக்கங்களின் துவக்குக்கு ஆளான குடும்பங்களும் கேட்பதற்கு இடமின்றியே நின்றன.

விஞ்ஞானம் இங்கே ஒரு விந்தையைக் காட்டுகிறது. றைபிளின் புரி, அதனூடு செல்லும் ரவையின்மேல் தன் கீறல்களைப் பதித்துவிடும். 1920களில் அமெரிக்காவில் ஒப்பீட்டு நுணுக்குக்காட்டி இவ்வாராய்ச்சிக்குப் பயன்படத் தொடங்கியது முதல், ஒரு ரவை எந்தத் துவக்கிலிருந்து வந்ததென்பதை வல்லுநர் பெரும்பாலும் காட்ட முடிகிறது. உழவனின் வழுவழுப்பான குழலோ சிறு குண்டுகளின்மேல் அத்தகைய சான்றை இடுவதில்லை. வெற்றுத் தோட்டாவின் அடியிலுள்ள ஊசித் தழும்பே அங்கு சாட்சி. அதாவது, பெயரற்ற படைத் துவக்கே தன் கையொப்பத்தை ஒவ்வொரு ரவையிலும் தெளிவாக இட்டு அனுப்புகிறது.

அச்சாட்சியைக் கேட்பதற்கு மரண விசாரணை வேண்டுமன்றோ? 1983ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வந்த 15அ என்னும் அவசரகால ஒழுங்குவிதி, பிரேத பரிசோதனையும் மரண விசாரணையும் இன்றியே உடல்களை அடக்கஞ் செய்யப் பாதுகாப்புப் படையினருக்கு இடமளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1984 டிசம்பர் 4ஆம் நாள், மன்னாரில் இராணுவ வாகனமொன்று கண்ணிவெடியில் அகப்பட்டபின் பொதுமக்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் உடலிற் பாய்ந்த ரவைகள் ஒவ்வொன்றிலும் கீறல்கள் இருந்திருக்கும். அவற்றைப் படிக்கும் நுணுக்குக்காட்டி அங்கே வரவில்லை.

ஆகவே என் மாணவருக்கு நான் சொல்லும் விடை இது. இருவகைத் துவக்குக்கும் வாயளவு வேறு, வேகம் வேறு, ரவை வேறு. இவற்றை மனனஞ் செய்வது எளிது. அவற்றுக்கு மேலாக ஒரு வேற்றுமை உண்டு. பன்றியைச் சுட்ட உழவனிடம் எத்தனை தோட்டா வாங்கினாய், எதற்குச் செலவிட்டாய் என்று கேட்க அரசுக்கு உரிமை இருக்கிறது. அக்கேள்வி நியாயமானது; கேட்கத்தான் வேண்டும். அதே கேள்வியைக் குடிமகன் அரசிடம் கேட்கவும், ஏட்டைத் திறந்து அரசு விடை சொல்லவும் வழி இருக்குமாயின், படைத் துவக்கும் நாட்டின் காவற்கருவி எனப்படும். அவ்வழி அடைபட்ட இடத்தில் அது யார் கையில் இருந்தாலும் உரியவன் இல்லாத துவக்கே. உரியவன் இல்லாத துவக்கைக் கண்டால் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்றுதான் கச்சேரியில் எங்கள் உறவினருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.