ஆட்டுக்கல்லும் நாக்டிலக்ஸும்

மண்ணச்சநல்லூரில் துறையூர் ரோட்டோரம் ஒரு டீக்கடை. அரிசி ஆலை ஊர் என்பதால் காற்றில் எப்போதும் கொஞ்சம் அவித்த நெல் வாசனை இருக்கும். அங்கேதான், ஆலையில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் மஞ்சப்பையிலிருந்து துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து பெஞ்சில் வைத்தார். அவருடைய பெரியப்பா ஒரு காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பிரித்தால் உள்ளே ரஷ்ய ஜெனித் கேமரா. அதன் முகத்தில் ஹீலியோஸ் 44-2 லென்ஸ்.

“பழைய லென்ஸெல்லாம் லட்சக்கணக்குல போகுதாம்லண்ணே? யூடியூப்ல பார்த்தேன். இது எவ்வளவு தேறும்?”

போவது உண்மைதான். ஆனால் இது போகாது. ஏன் என்று சொல்லி முடிக்க ஒரு டீ போதவில்லை.

பழசு என்றாலே விலை கூடும் என்று இந்த ஊர்க்காரர் நினைப்பதில் தப்பில்லை. புது அரிசியைவிடப் பழைய அரிசிக்குத்தான் விலை அதிகம். சோறு குழையாது, வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும். லென்ஸில் அந்தக் கணக்கு செல்லாது. மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-ல் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படம் பிடித்துவிட்டுப் போனார். அந்த நூற்றாண்டின் பித்தளைக் குழாய் லென்ஸ்கள் இன்றைக்கும் விற்பனைக்கு வருகின்றன. சாதாரண ரகம் என்றால் ஒரு நல்ல செல்போன் வாங்கும் காசுகூட ஆகாது. 1966-ல் பிறந்த லைக்கா நாக்டிலக்ஸ் லென்ஸுக்கோ பல லட்சம் கேட்கிறார்கள். வயதில் பேரன், விலையில் பாட்டன்.

நாக்டிலக்ஸ் 50 மில்லிமீட்டர் லென்ஸ். திறப்பு எஃப் 1.2. ஐம்பதை 1.2-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 வரும். வெளிச்சம் நுழைய 42 மில்லிமீட்டர் அகல வாசல், இருட்டில் படமெடுக்க. வாசலை இவ்வளவு அகலமாகத் திறந்தால் ஒரு வில்லங்கம் வரும். அதைச் சொல்ல ஆட்டுக்கல்தான் தோது.

ஆட்டுக்கல்லின் குழியும் குழவியும் வருடக்கணக்கில் உரசி உரசி ஒன்றுக்கொன்று பொருந்தி வழவழவென்று ஆகியிருக்கும். லென்ஸ் தீட்டுவதும் இதே வித்தைதான். இரண்டு பரப்பை எல்லாப் பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்தால் அவை தாமாகவே பந்தின் ஒரு துண்டு மாதிரி வளைந்துகொள்ளும். அதனால் பந்து வளைவு மலிவு. ஆனால் அந்த வளைவுக்கு ஒரு குறை உண்டு. நடுவில் நுழையும் ஒளிக்கதிர் ஓர் இடத்தில் குவியும். ஓரத்தில் நுழைவது அதற்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடும். இரண்டும் ஒரே புள்ளியில் சேராததால் படத்தின் மேல் ஒரு பால் ஏடு படர்ந்த மாதிரி தெரியும். இதைச் சரிசெய்ய, பந்து வடிவத்தைவிட்டு விலகிய ஒரு வளைவு வேண்டும். அது உரசலில் தானாக வராது. எங்கே எவ்வளவு தேய்ப்பது என்று இடத்துக்கு இடம் பார்த்துப் பார்த்துத் தீட்ட வேண்டும். நாக்டிலக்ஸில் அப்படி இரண்டு பரப்புகள். கம்ப்யூட்டர் பார்த்துத் தீட்டுகிற இயந்திரமெல்லாம் வராத காலம். தீட்டுபவரின் கையையும் பொறுமையையும் நம்பித்தான் வேலை நடந்தது, கழிவும் ஏராளம். 1975-ல் நிறுத்தும்வரை செய்தது மொத்தம் 2,000 கூட இல்லை.

பெஞ்சின் மறுகோடியில் இருந்த பெரியவர் இதுவரை பேப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சி வட்டாரத்தில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் தொழில் கொடிகட்டிப் பறந்தபோது அதில் இருந்தவர். “கைவேலைன்னு சொல்றீங்க. தீட்டுற ஆளுக்குக் காய்ச்சல் வந்தா?”

“அன்னைக்கு லென்ஸ் இல்லைங்கய்யா.”

“அப்பச் சரி,” என்றார். விலை அவருக்கு நியாயமாகப் பட்டுவிட்டது.

எனக்கு அவ்வளவு சுலபமாகப் படவில்லை. ஏனென்றால் லைக்கா கம்பெனியே 2021-ல் இதே லென்ஸை மறுபடி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வடிவம், இன்றைய இயந்திரத் துல்லியம். அதுவும் மலிவில்லை, ஆனால் பழையதன் விலையில் ஒரு பங்குதான். படத்துக்காக மட்டும் ஆசைப்பட்டிருந்தால் எல்லோரும் புதியதை வாங்கிக்கொண்டு பழையதை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அந்தக் கூடுதல் காசு, 1966-க்குத் திரும்பிப்போய் இன்னொன்று செய்து வர யாராலும் முடியாது என்பதற்காகக் கொடுப்பது. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரூபாய் நோட்டில் நம்பர் பார்த்து வாங்குகிறவர்களும் இந்த ஜாதிதான்.

எண்ணிக்கை குறைந்தால் லென்ஸ் உபயோகப்படுமா என்ற கேள்விகூடப் பின்னால் போய்விடும். நிக்கான் 1970-ல் கொண்டுவந்த 6 மில்லிமீட்டர் மீன்கண் லென்ஸ் 220 டிகிரி பார்க்கும். அதாவது தன் முதுகுப் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கும். கவனமில்லாமல் நின்றால் எடுப்பவருடைய காலும் படத்தில் விழும். எடை 5.2 கிலோ. கடையில் விற்கும் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதாக நினைத்துக்கொள்ளலாம். 2012-ல் லண்டன் கடை ஒன்று இதற்கு ஒரு லட்சம் பவுண்டு விலை வைத்தது. கேமராவிலோ இன்னும் ஒரு படி மேல். லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த மாதிரிக் கேமரா 2022-ல் ஏலத்துக்கு வந்தபோது ஒரு கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. அதில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. விலையில் பெரும்பங்கு அந்த எழுத்துக்குத்தான்.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது லைக்காவின் தம்பர் லென்ஸ். 1935-ல் வந்தது. ஓரத்துக் கதிர் முன்னாலேயே குவியும் குறை என்று சொன்னேனே, நாக்டிலக்ஸ்காரர்கள் அவ்வளவு பாடுபட்டு ஒழித்த அதே குறையை, தம்பர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டது. முகத்தில் சுருக்கம் தெரியாமல், பனிக்குள் நிற்பதுபோல் மனிதர்களைக் காட்ட. அதோடு ஒரு ஃபில்டரும் தருவார்கள். நட்டநடுவில் வெற்றிலைக்குப் பொட்டு வைத்த மாதிரி ஒரு மறைப்பு. நல்ல பிள்ளையாகக் குவியும் நடுக்கதிர்களை அது தடுத்துவிட்டு, குறும்பு பண்ணும் ஓரத்துக் கதிர்களை மட்டும் உள்ளே விடும். அந்தச் சின்ன ஃபில்டர் தொலைந்துபோன தம்பர், ஒற்றை ஜிமிக்கி மாதிரி. விலை இறங்கிவிடும்.

குறையைத் தேடி வாங்குகிற கூட்டம் இன்று பெருத்துவிட்டது. இன்றைய லென்ஸ்கள் ஓரத்திலிருந்து ஓரம்வரை பளிச்சென்று எடுத்துத் தருகின்றன. யார் எடுத்தாலும் ஒரே மாதிரி. சினிமா ஒளிப்பதிவாளர்கள் பழைய குக் ஸ்பீட் பாங்க்ரோ, கேனன் கே35 என்று தேடிப்போவது இந்தப் பளிச்சைக் கொஞ்சம் மழுக்கத்தான். இவர்களுக்குப் பெட்டியும் வேண்டாம், சீரியல் நம்பரும் வேண்டாம். ஆனால் இவர்கள் சேகரிப்பாளர்களோடு போட்டி போடுவதால் விலை இருபக்கமும் ஏறுகிறது.

தம்பியின் ஹீலியோஸுக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மனியின் ஜைஸ் பயோட்டார் லென்ஸைப் பார்த்து ரஷ்யாவில் செய்தது இது. ஒரு துண்டு பைப்பை நேராகப் பிடித்துப் பார்த்தால் துளை வட்டம். சாய்த்துப் பார்த்தால் முன்வாயும் பின்வாயும் ஒன்றையொன்று மறைத்து வெள்ளரி விதை வடிவம்தான் மிஞ்சும். லென்ஸ் குழலும் ஒரு பைப்தானே. பின்னணியில் சீரியல் பல்பு எரிந்தால் நடுவில் உள்ளது வட்டமாகவும் ஓரத்தில் உள்ளது வெள்ளரி விதையாகவும் விழும். அந்த விதைகளெல்லாம் நடுவைச் சுற்றி வரிசை கட்டுவதால் படமே சுழல்வது போலிருக்கும். அந்தச் சுழலுக்குத்தான் இன்று மவுசு.

முன்பெல்லாம் இந்த ஆசையைத் தீர்த்துக்கொள்வது சிரமம். ஹீலியோஸின் பின்விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் 45 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி வேண்டும். நிக்கான் எஸ்.எல்.ஆர். கேமராவில் அந்த இடைவெளி 46.5. ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போய்விட்டதால் தூரத்துக் கோபுரம் தெளிவாக விழாது. சோனி 2010-ல் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராவைக் கொண்டுவந்தபோது இடைவெளி 18 ஆகச் சுருங்கியது. மீதியை ஓர் அலுமினிய வளையம் போட்டு நிரப்பிவிடலாம். பரணில் கிடந்த லென்ஸ்களுக்கெல்லாம் அந்த வளையத்தால் மறுவாழ்வு வந்தது.

“அப்ப என்னோடது ஏண்ணே போகாதுங்கிறீங்க?”

பல லட்சக்கணக்கில் செய்து தள்ளியதால். நல்ல நிலையில் இருந்தால் நாலைந்தாயிரம் ரூபாய் தேறும். நல்ல நிலையா என்று பார்க்க லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்தேன். உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள். ஃபங்கஸ். கொள்ளிடத்துப் பக்கத்து ஊரில், துணியில் சுற்றி இருட்டில் வைத்தால் வராமல் என்ன செய்யும்? ஆரம்பத்தில் என்றால் பிரித்துத் துடைக்கலாம். நாள்பட்டால் அதன் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். தடம் போகாது.

“அரிசிக்குள்ள புதைச்சு வச்சா ஈரத்தை இழுத்துக்கும்ல? நம்மகிட்ட இல்லாத அரிசியா!”

வேண்டவே வேண்டாம் என்றேன். அரிசி இழுக்கும் ஈரம் கொஞ்சம். அதன் தவிட்டுத் தூள் திருகு மரைக்குள் போனால் ஃபங்கஸுக்குச் சாப்பாடு போட்ட மாதிரி. காற்றுப் புகாத டப்பா, ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, அவ்வளவு போதும்.

பெரியவர் பேப்பரை மடித்தார். “வண்டு வேற இருக்கு தம்பி,” என்றார். “அரிசிக்கு வர்றது, கேமராக்குள்ளயும் ஒரு நடை எட்டிப் பார்த்துட்டுத்தான் போகும்.”